செத்தவர் திரும்பி வரப் போவதில்லை, பிறகு எதற்கு ஆராய்ச்சி?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பச்சி (அப்பா) 51 வயதில், கடையைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார். சித்தப்பாவுக்கு 48இல் பைபாஸ். இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையில், இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பங்களைப் பற்றி ஆய்வு நடக்கிறது, ரத்தம் தருவீர்களா, குடும்ப விவரம் சொல்வீர்களா என்று கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை, தன் அண்ணன் பெயரில் இதய ஆராய்ச்சிக்கு ஒரு தொகை கொடுக்கலாம் என்கிறார். அப்பத்தாவோ, "போனவன் திரும்பியா வரப்போறான்? அந்தக் காசுக்கு நாலு பேருக்குச் சோறு போடுங்க" என்று முடித்துவிட்டார். இதய நோய் தாக்கிய குடும்பங்கள் எதற்காக மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆதரவு தருகிறார்கள், அதனால் யாருக்கு என்ன லாபம் என்பது தம்பியின் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் இதய நோய் ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக நெடுநாள் வேலை பார்த்தவன். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுவது, ரத்தக் குப்பியில் எண் ஒட்டுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு "எப்படி இருக்கீங்க, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா" என்று கேட்பது, இதெல்லாம் என் வேலை. சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். அதனால் அப்பத்தாவின் குரல் எனக்கு ரொம்பப் பழக்கமானது.

அப்பத்தா சொல்வதில் பாதி சரி. ஆராய்ச்சியால் போனவர் வரமாட்டார். அதுமட்டுமில்லை, ரத்தம் கொடுப்பவருக்கே பெரும்பாலும் நேரடிப் பலன் எதுவும் கிடைக்காது. ஒப்புதல் படிவத்திலேயே அப்படித்தான் எழுதியிருப்பார்கள். துக்கத்தின் சூட்டில், "எங்க அண்ணன் பேர்ல ஏதாவது செய்யணும்" என்று வந்தவர்களில் பலர், வருஷ திதி முடிந்த பிறகு போனை எடுக்க மாட்டார்கள். கடைசி வரை கூட இருந்தவர்கள் வேறு ஒரு கேள்வியோடு வந்தவர்கள். அடுத்தது யார்? எனக்கா, தம்பிக்கா, காலேஜில் படிக்கிற பையனுக்கா? இதற்கு ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பதில் காண முடியாது. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. அது வம்சமா, சிகரெட்டா, சர்க்கரையா, தற்செயலா என்று இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் சொல்ல ஆகாது. ஆயிரம் வீட்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்தால்தான் உங்கள் வீட்டுக் கணக்கு புரியும். ஆதரவு தரும் குடும்பங்களின் மனசில் இருப்பது பெரும்பாலும் இதுதான். வெளியே தர்மம் என்று சொன்னாலும், உள்ளே இருப்பது பிள்ளைகளைப் பற்றிய கவலை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, கொடுப்பதைப் பேசும் முன், ஏற்கெனவே நாம் வாங்கிக்கொண்டதைப் பார்ப்போம். இன்றைக்குப் பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ ஒருவருக்கு நெஞ்சைப் பிசைந்து, இடது கை கனத்து, வேர்த்துக் கொட்டினால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் அது. அந்த ஆஸ்பிரின் அங்கே எப்படி வந்தது என்பது ஒரு கதை. 1980களில் மாரடைப்பு என்று வருபவருக்கு ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கமாக இருக்கவில்லை. தலைவலி மாத்திரை இதயத்துக்கு என்ன செய்யும் என்ற நினைப்பு. ஐசிஸ்-2 என்ற ஆய்வு அதை மாற்றியது. 16 நாடுகள், 417 ஆஸ்பத்திரிகள், 17,187 நோயாளிகள். குலுக்கல் முறையில் நான்கு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், இன்னொன்றுக்கு ஆஸ்பிரின், மூன்றாவதற்கு இரண்டும், நான்காவதற்கு இரண்டுமே போலி, அதாவது மருந்தே இல்லாதது. 1988இல் முடிவு வந்தது. ஐந்து வாரத்துக்குள், இரண்டும் போலியாகப் பெற்றவர்களில் 100க்கு 13 பேர் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்திருந்தார்கள். இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 8 பேர். நெஞ்சுவலியோடு படுத்துக் கிடந்த 4,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கிடைத்தது வெறும் போலி மருந்து. அவர்களுடைய கணக்கு இல்லாவிட்டால் அந்த 13 என்ற எண் இல்லை. அந்த எண் இல்லாவிட்டால் 8 என்பது நல்லதா கெட்டதா என்றே தெரிந்திருக்காது.

இதே ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த வகை நோயாளிக்குப் பலன் அதிகம், எந்த வகைக்குக் குறைவு என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்லி ஆய்வாளர்களை வற்புறுத்தினார்கள். அவர்கள் குறும்பாக ராசி வாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். நம் நட்சத்திர ராசி இல்லை, பிறந்த தேதியை வைத்துப் பார்க்கும் மேல்நாட்டு ராசி. மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று கணக்கு வந்தது! சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு துருவினால் இப்படித்தான் ஏதாவது கிடைக்கும் என்று காட்டவே அதைப் போட்டார்கள். ஆராய்ச்சி ஏன் இத்தனை பேரைக் கேட்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இப்போது உங்களிடம் கேட்கும் குடும்ப விவரத்துக்கு வருகிறேன். வம்ச வரைபடம் என்று ஒரு படம் போடுவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர் என்றால் உள்ளே கறுப்பு. இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு, கீழே வயது. நெருங்கிய ரத்த உறவில் ஆண் 55 வயதுக்கு முன்பும் பெண் 65 வயதுக்கு முன்பும் இதய ரத்தக்குழாய் நோய்க்கு ஆளாகியிருந்தால், அது இளவயதில் வந்த நோய் என்று கணக்கு. கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டில் முகப்புத் தரையில் உட்கார்ந்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இப்படி ஒரு படம் போட்டோம். பக்கத்தில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆச்சி. ஐந்து தலைமுறை அவருக்கு அத்துப்படி. யார் எந்தக் கோயில், யார் பர்மாவில் எந்த ஊரில் இருந்தார், எந்தக் கல்யாணத்தில் எந்தப் பெட்டி மாறிப் போனது, எல்லாம் வரும். "எப்படிப் போனாங்க?" என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்: "வாயு." மூன்று பேருக்கு வாயு. நான் விடவில்லை. போகும் முன் ஓமத் தண்ணி கேட்டாரா? சட்டை நனைய வேர்த்ததா? தாடையோ கையோ வலிக்கிறது என்றாரா? ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா, சட்டையைக் கழட்டிப் பிழிஞ்சோம்" என்றார். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, மூன்று வாயுவில் இரண்டு மாரடைப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். அதுவரை "எங்க வம்சத்துல அப்படி ஒன்னும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்த பேரன் அன்று சாயங்காலமே பிரஷர் பார்க்கப் போனான்.

குடும்பக் கணக்கில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. கல்யாணம் ஆனால் குலக் கோயிலில் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பக் கணக்காக, சேர்ந்துவிடுகிறார்கள். யாருக்கு யார் பங்காளி என்பதில் ஐயமே வராது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று ஒன்பது கோயிலும் இந்தக் கணக்கைத்தான் காத்துக்கொண்டு வருகின்றன. ஆனால் இதயத்துக்கு அந்தக் கணக்கு போதாது. கோயில் அப்பச்சி வழியில் வருகிறது. மரபணு இரண்டு வழியிலும் வருகிறது. ஆத்தா பிறந்த வீட்டு அம்மான்கள் வேறு கோயில் என்பதால் அவர்களைப் படத்தில் விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அவுக வேற கோயில்" என்பார்கள். வேறு கோயிலாக இருந்தாலும் அம்மானுக்கு வந்த நோய் உங்களுக்கு நெருங்கிய நோய்தான். இன்னொரு சிக்கல், பிள்ளை கூட்டிக்கொள்வது. மேலே மூன்று தலைமுறையில் எங்காவது ஒரு சுவீகாரம் இல்லாத வீடு செட்டிநாட்டில் குறைவு. சுவீகாரத்தில் சொத்து வரும், கோயில் வரும், கொழுப்பு வராது. அவருக்குப் பிறந்த வீட்டுப் படம் தனியாகப் போட வேண்டும். இதைச் சொல்லச் சில வீடுகளில் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், படத்தில் அதற்கென்று தனிக் குறியே இருக்கிறது.

எந்த ஏட்டிலும் எப்படி இறந்தார் என்ற பத்தி கிடையாது. மொய்க் கணக்கு இருக்கிறது, சீர்க் கணக்கு இருக்கிறது, வட்டிக் கணக்கு இருக்கிறது. அந்த ஒரு பத்தியை நிரப்புவதுதான் ஆராய்ச்சிக்கு ஒரு குடும்பம் தரும் முதல் ஆதரவு. அதற்குக் காசு வேண்டாம், மறைக்காமல் பேசினால் போதும்.

அப்படிப் பேசிய ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கனடாவில் ஒரு சான்று இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு வழிப் பெரிய குடும்பம் ஒன்றில், தலைமுறை தலைமுறையாக இளவயதில் திடீர் மரணங்கள். இதயத் தசை காரணமில்லாமல் தடித்துப் போகும் நோய். 1961இல் டாக்டர்கள் அந்தக் குடும்பத்தை எழுதிவைத்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் பின்னாலும் ரத்தம் கொடுத்தார்கள். 1990இல், மயோசின் என்ற தசைப் புரதத்துக்கான மரபணுவில் இருந்த பிழை அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. 2022இல் அதே மயோசினின் வேகத்தைக் குறைக்கும் மாவாகாம்டென் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாட்டன் காலத்தில் எழுதிவைத்ததற்குப் பேரன் காலத்தில் மருந்து. நீளமான காலம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. இதே நோய்க்கூட்டத்தில், இதயத் தசையின் வேறொரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போன ஒரு மாற்றம், முதலில் இந்தியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜும், இன்னும் பலரும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு, இந்தியத் துணைக்கண்டத்தில் 100க்கு சுமார் 4 பேரிடம் அது இருக்கிறது என்றது. வேறு கண்டத்து மக்களிடம் அது அநேகமாக இல்லை. அமெரிக்கர் ரத்தத்தையே சோதித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே போவதில்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றும் சொல்லின: அந்த மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை, கூடவே வேறொரு மாற்றமும் சேர்ந்திருக்கும் சிறு பகுதியினருக்கே அபாயம் அதிகம். 100க்கு 4 என்று கேட்டுப் பயந்தவர்களில் பெரும்பாலோருக்கு நிம்மதி தந்ததும் ஆராய்ச்சிதான்.

தம்பி, உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது கொழுப்பு. செட்டிநாடு என்றதும் எல்லோரும் கோழி வறுவலையும் பலகாரத் தூக்கையும் குற்றம் சொல்வார்கள். சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு, ஆனால் 48இல் பைபாஸ், 51இல் மரணம் என்று அண்ணன் தம்பி இருவருக்கும் வந்தால் வாணலியை மட்டும் குறை சொல்லிக்கொண்டு இருக்க முடியாது. பிறவியிலேயே எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு மிகுந்திருக்கும் குடும்ப நோய் ஒன்று இருக்கிறது. உலகில் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் அது உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருவருக்கும் இருந்து, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டால், சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊரில் இதை யோசிக்க வேண்டும். அப்படி இரு பக்கமும் வாங்கிய நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்துத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1970களில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கியைக் கண்டார்கள். 1985இல் நோபல் பரிசு. 2003இல் பிரான்சில் இதே போன்ற குடும்பங்களில், அந்தக் கொக்கியை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதம் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் கண்டார்கள். அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன? 2015இல் ஊசி மருந்து கடைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம். மருந்து உலகில் இது பறக்கிற வேகம்.

எல்லாம் இப்படி முடிந்துவிடவில்லை. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீனில் 'லிட்டில் ஏ' என்று ஒரு வகை உண்டு. எல்பி-லிட்டில்-ஏ என்று லேபில் சொன்னால் தெரியும். 1963இல் நார்வேயில் கண்டுபிடித்தது. பிறப்போடு வருவது, சாப்பாட்டைக் குறைத்தாலும் நடந்தாலும் பெரிதாக இறங்காது, தெற்காசியர்களிடம் இதனால் வரும் மாரடைப்புப் பாரம் அதிகம். இதைக் குறைக்கும் மருந்துகள் சோதனையில் இருக்கின்றன. அந்தச் சோதனைகளில் நம்மைப் போன்றவர்களும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஏன் பிடிவாதம் என்றால், 'உங்களுக்குப் பத்து வருடத்தில் மாரடைப்பு வர எத்தனை சதவீதம் வாய்ப்பு' என்று டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டிச் சொல்கிறாரே, அந்தச் சூத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். ஆதி மூலம் ஃபிரமிங்ஹாம் என்ற அமெரிக்கச் சிற்றூர். 1948இல் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார்கள். 1971இல் அவர்கள் பிள்ளைகள், 2002இல் பேரப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் கையை நீட்டியதால் தெரியவந்தவை. மூன்று தலைமுறை தொடர்ந்து கையை நீட்டியிருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஊர் அன்று பெரும்பாலும் வெள்ளையர் ஊர். நம் உடம்பு அந்தச் சூத்திரத்தில் சரியாக உட்காருவதில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் நடந்தது, இதைத் தெளிவாகக் காட்டியது. முதல் மாரடைப்பு வரும் நடு வயது மற்ற நாடுகளில் 59ஐ ஒட்டி, தெற்காசியாவில் 53. நம் ஊரில் அறுபதாம் கல்யாணத்துக்கு முன்பே போன ஆண்களை எண்ணிப் பாருங்கள், அந்த எண் புரியும். அதே ஆய்வு நல்ல செய்தியும் சொன்னது. புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன உளைச்சல், காய்கறி பழம் குறைவது, உடற்பயிற்சி இல்லாதது, மதுப் பழக்கம் என்ற ஒன்பதே அம்சங்கள் பத்தில் ஒன்பது மாரடைப்புகளுக்கு விளக்கம் சொல்லிவிடுகின்றன.

மருந்து கண்டுபிடிப்பது மட்டும்தான் ஆராய்ச்சி என்று நினைக்க வேண்டாம். ஆம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதும் ஆராய்ச்சிதான். தமிழ்நாட்டில் இதய டாக்டர்கள் அஜித் முல்லசாரி, தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர் சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் 108 ஆம்புலன்சோடு கோத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகள். அந்த ஏற்பாட்டுக்கு முன் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 100க்கு 17.6, பின்பு 14.2. முடிவு 2017இல் வெளிவந்தது. புது மருந்து எதுவும் கிடையாது, ஏற்பாடு மட்டும்தான். இந்த எண்களுக்காக ஒரு வருடம் கழித்துப் போன் எடுத்து, "இல்லைங்க, அவர் போன மாசம் தவறிட்டார்" என்று பதில் சொன்ன வீட்டுக்காரர்களும் ஆராய்ச்சிக்கு ஆதரவு தந்தவர்கள்தான். அந்தப் போன் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பயங்களைப் பேச வேண்டும். "சோதனை எலி ஆக்கிடுவாங்களோ" என்பது எல்லோரும் கேட்பது. மருந்து ஆய்வு என்றால், 2019இல் வந்த விதிகளின்படி நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. உங்களிடம் கேட்பது ரத்தமும் விவரமும் மட்டும் என்பதால் ஆபத்து குறைவு, ஆனாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

யாரும் வெளிப்படையாகக் கேட்காத பயம் ஒன்று உண்டு. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கும். "அந்த வீட்டுல ஹார்ட் வியாதி ஓடுதாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் வரன் தட்டிப் போகும். இதற்காகவே ஒப்புக்கொண்ட பிறகும் பின்வாங்கிய வீடுகள் உண்டு. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குப்பியில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். பெயரையும் எண்ணையும் சேர்க்கும் பட்டியல் பூட்டில் இருக்கும். அந்தப் பட்டியலை யார் பார்க்கலாம், முடிவை நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால் சொல்லாமல் இருப்பார்களா, ரத்தத்தை வேறு ஆய்வுக்குக் கொடுப்பார்களா, இந்த மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். காப்பீடும் ஒரு விஷயம். இதயத் தசை தடிக்கும் நோய் உள்ள ஒருவருக்கு, மரபணு நோய் என்று காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்த வழக்கில், 2018இல் டில்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் பாலிசி எடுத்து முடித்த பிறகு மரபணு முடிவைக் கையில் வாங்குவது நல்லது என்பது என் சொந்த யோசனை.

இன்னொரு ஆதரவு இருக்கிறது, கேட்கவே நாக்கு கூசும். முப்பது, நாற்பது வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தவருக்குப் பிரேதப் பரிசோதனை. "அறுக்க விடமாட்டோம்" என்று உடலை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இதயத் தசையா, ரத்தக்குழாயா, மின்துடிப்புக் கோளாறா என்ற பதில் அன்றோடு எரிந்துபோகிறது. கூடப் பிறந்தவர்களுக்கு எதைச் சோதிப்பது என்றே தெரியாமல் போகிறது. நான் அந்த நேரத்தில் யாரையும் வற்புறுத்தியதில்லை. ஆனால் சம்மதித்த வீடுகளில் தம்பிக்கோ தங்கைக்கோ எந்தச் சோதனை என்று டாக்டர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு வருவோம், அத்தை காத்துக்கொண்டிருப்பார். ஆராய்ச்சிக்குக் கொடுப்பது செட்டிநாட்டுக்குப் புதுசு இல்லை. காரைக்குடியில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் இடம் வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர். கூடவே 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். மின்வேதியியலில் அவருக்குச் சொந்த லாபம் என்ன? வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு எடுத்துவைத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் ஊருணியும் கட்டிய ஊர், ஆய்வுக்கும் ஒரு பங்கு வைக்கலாம். அப்பத்தாவின் அன்னதானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சோறு இன்றைய பசிக்கு. இது வேறு வகைச் செலவு, இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் கொடுக்கும்போது இரண்டு விஷயம். தோல்விக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழுவினர் செய்த இதய வால்வில் முதல் மூன்று மாதிரிகள் சோதனையில் தோற்றன. நான்காவதுதான் தேறி, 1990 டிசம்பரில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது. சில தோல்விகள் அதைவிடப் பயன் தந்தவை. மாரடைப்புக்குப் பிறகு வரும் தாறுமாறான துடிப்பை அடக்க என்கைனைடு, ஃபிளெகைனைடு மாத்திரைகளைக் கொடுத்துவந்தார்கள். துடிப்பு அழகாக அடங்கியது. 1989இல் ஒரு பெரிய ஆய்வு, அந்த மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று காட்டியது. 'மருந்து வேலை செய்யவில்லை' என்ற முடிவும் உயிரைக் காப்பாற்றும். நன்கொடை கொடுத்தவர் அந்த முடிவைக் கேட்டு முகம் சுண்டக் கூடாது.

அடுத்தது, ஆராய்ச்சி என்று பெயர் ஒட்டிக்கொண்ட வியாபாரம். ஆய்வில் சேர உங்களிடமே பணம் கேட்டால் அது ஆய்வு இல்லை, பேக்கேஜ். பெரிய கட்டடத்தில் பெயர்ப் பலகை வைப்பதைவிட, ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகையை ஏற்றுக்கொள்வது, கிராமத்திலிருந்து வருபவர்களின் பஸ் கூலியையும் அன்றைய சம்பள இழப்பையும் ஈடுகட்டுவது போன்ற சின்னச் செலவுகள் எனக்கு உயர்ந்தவையாகத் தெரிகின்றன. செட்டிநாடு என்றால் பெரிய வளவு வீட்டுக்காரர்கள் மட்டும் இல்லையே. ஆத்தங்குடியில் தரைக்கல் அடிப்பவருக்கும், கல்யாணத்துக்குச் சமைக்கும் மாஸ்டருக்கும் 45இல் நெஞ்சு வலி வருகிறது. அவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு வர முடியாததால் ஆய்வில் இல்லை. ஆய்வில் இல்லாதவர்களுக்குப் பொருந்தும் விடை வருமா? வரிச் சலுகை உண்டா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

உங்கள் வீட்டில் நான் இருந்தால் இந்த வரிசையில் செய்வேன். அப்பத்தாவை உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள். அவரைத் தவிர வேறு யாராலும் மேல் இரண்டு வரிசையை நிரப்ப முடியாது. சோறு போடச் சொன்னவர் கையாலேயே ஆராய்ச்சிக்கு முதல் உதவி வந்துவிடும், அதைச் சொல்லியே கேளுங்கள், சிரித்துவிடுவார். ஆத்தா பக்கத்தையும் விடாதீர்கள். பிறகு மதுரைக்குப் போய் ரத்தம் கொடுங்கள். பணத்தை அத்தை அடுத்த வருடம் யோசிக்கட்டும், அவசரம் இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், எந்த ஆய்வுக்கும் காத்திருக்காமல், நீங்களும் கூடப் பிறந்தவர்களும் சித்தப்பா பிள்ளைகளும் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். எல்டிஎல் 190ஐத் தாண்டினால், சின்னப் பிள்ளைகளுக்கு 160ஐத் தாண்டினால், குடும்ப நோயா என்று கேளுங்கள். கணுக்காலுக்குப் பின்னால் தசைநாண் தடித்திருக்கிறதா, இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்பி-லிட்டில்-ஏ சோதனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். காரைக்குடியில் ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவார்களா என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.